ஆடிப்பெருக்கு வேன்

ஆடிப்பெருக்கு என்றால் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆறு இல்லை, ஒரு வெள்ளை வேன்தான். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி வாசலில் அது வந்து நின்றால் போதும். நன்னிலம் பக்கத்துப் பெண்கள் நாங்கள், பிசிறு வெட்டுகிற கத்தரியைப் போட்டது போட்டபடி ஓடுவோம்.

அப்போது எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சே காலி. ஆண்கள் பாதிப் பேர் துபாய், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். "நம்ம ஊர்ல சும்மா இருக்கறவன்னு ஒருத்தனக் காட்டுங்க பாப்போம்! எல்லாருக்கும் வேலை!" என்று ஊரில் மிச்சமிருந்த பெரியவர்கள் பெருமை பேசுவார்கள். வேலை இருந்தது, வாஸ்தவம். என்ன மாதிரி வேலை என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

என் அக்கா புருஷனை இழந்தவள். ஐந்து வயதுப் பெண்ணை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு என்னோடு வந்திருந்தாள். கான்ட்ராக்ட் பெண்கள் தங்குகிற கொட்டகையில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வருஷம் இடைவிடாமல் வேலை பார்த்தால் பர்மனென்ட் ஆக்குவார்கள். பர்மனென்ட் ஆகிவிட்டால் கம்பெனி வீடு கிடைக்கும். "வீடு மட்டும் கெடைக்கட்டும்டி, மறுநாளே பாப்பாவ இங்க பள்ளிக்கூடத்துல சேத்துடுவேன்" என்பாள்.

ஆனால் ஆடி வந்துவிடுமே! ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று காதில் விழுந்தபின் எங்களை யார் பிடித்துவைக்க முடியும்? புதுத் தண்ணீரின் மண்வாசனை, கழுத்தில் மஞ்சள் கயிறு, படித்துறையில் உட்கார்ந்து தின்கிற புளியோதரை... அடடா! போய்வந்தால் புதிதாகச் சேர்ந்த கணக்குதான், அந்த ஒரு வருஷம் மறுபடி முதலிலிருந்து. தெரிந்தேதான் போனோம். கான்ட்ராக்டர் தன் செலவில் வேன் வைத்து, ஆளுக்கொரு மிட்டாய்ப் பொட்டலமும் கொடுப்பார். வழியெல்லாம் அந்த மகராசனை வாழ்த்திக்கொண்டே போவோம். வேன் பாலத்தில் ஏறும்போதே பாப்பா "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவாள். அதை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்ந்துபோகிறது.

ஒரு வருஷம் மேட்டூர் திறக்கவில்லை. ஆற்றில் வெறும் மணல். நாங்கள் அழாக்குறையாக இருந்தோம். அக்காவுக்கு மட்டும் தெம்பு, இந்தத் தடவை வருஷம் முழுசாகிவிடும் என்று. எதிர்வீட்டு போனில் பாப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இந்த ஆடிக்கு அம்மா வரமாட்டேன்டா செல்லம். அடுத்து வந்தா உன்னக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வருவேன்."

ஆடி பிறந்தது. வேன் வந்து நின்றது, மிட்டாய்ப் பொட்டலங்களோடு கான்ட்ராக்டரும்.

"தண்ணிதான் வரலையே, வேன் எதுக்குண்ணா?" என்றாள் அக்கா.

"தண்ணி இல்லாட்டி என்னுங்க அம்மிணி? ஆடி நோம்பி நோம்பிதானுங்களே. போய்ட்டு வந்து சேந்துக்குங்க."

"நான் போகல. வேலை பாக்கறேன்."

அவர் சிரித்த முகம் மாறாமல் சொன்னார். "இந்த வாரம் உங்களுக்கு வேலை இல்லீங்க."

அவர் கொடுத்த மிட்டாய் கையில் இருந்தது, அக்கா அதைப் பார்த்தாள். "ஆத்துக்காக நாங்கதான் வேலைய விட்டுட்டு ஓடறோம்னு நெனச்சோம். வருஷாவருஷம் நீங்கல்ல எங்கள அனுப்பிக்கிட்டிருந்திருக்கீங்க!" என்றாள். வாழ்த்திய வாயை என்ன செய்வது?

எல்லோரும் ஏறினோம். அன்றைக்கு மிட்டாய்ப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

பாலத்தடியில் மணலில் விளையாடிக்கொண்டிருந்த பாப்பா வேனைப் பார்த்தாள். எப்போதும்போல ஓடிவரவில்லை, வீட்டைப் பார்த்து ஓடினாள். நாங்கள் இறங்குவதற்குள் மூச்சுவாங்கத் திரும்பி வந்து நின்றாள். கையில் துணிப்பை, அதில் அவளுடைய பாவாடை சட்டையெல்லாம் இருந்தது.