வூடு என்று சொல்லாதவர்கள்

போன சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுச் செல்வி வந்தாள். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். கருவாடு என்று நினைத்தேன். பிரித்தால்... புத்தகம்.

"பெரிம்மா, நீங்கதான் பத்திரிகையில எழுதறவங்க. படிச்சுட்டு நல்லதா கெட்டதான்னு சொல்லுங்க. கெட்டதுன்னா திருப்பிக் குடுத்துட்டு, லைப்ரரி கார்டைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

விஷயம் இதுதான். அவள் மகள் காவ்யா பதினொன்றாம் வகுப்பு. தர்மபுரியில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து, அம்மா 'வூடு' என்றாலே காவ்யா முகம் சுளிப்பாள். "வீடுன்னு சொல்லும்மா... எல்லாரும் சிரிக்கறாங்க." அந்தப் பெண், இந்தப் புத்தகத்தைத் தொட்ட நாளிலிருந்து, கேட்டுக்கு உள்பக்கம் நின்று வருகிறவர்களையெல்லாம் மறிக்கிறாளாம். "எங்க வந்தீங்க?" 'வூட்டுக்கு' என்றால்தான் கேட் திறக்கும்.

"அவங்கப்பா வெளையாட்டுக்கு 'வீட்டுக்கு'ன்னுட்டாரு. பால் கேனோட கால்மணி நேரம் வெளிய நிக்கறாரு பெரிம்மா. காத்து கருப்பு பட்டிருக்குமோ?"

கார்டை ஏற்கெனவே அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டாளாம். அந்தப் பிள்ளை புத்தகம் படிப்பதும் படிக்காததும் இனி என் ஒரு வார்த்தையில்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் வராது. அதனால்தான் எழுதவே வந்தேன். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, கெட்டது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டேதான் படித்தேன். நாலு நாள் ஆனது.

புத்தகத்தின் பெயர் 'வத்தல்மலை நிழலர்'. மலையிலிருந்து பனியோடு இறங்கி வருகிறார்கள் நிழலர்கள். பார்த்தவர்களின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். முகம், நடை, தழும்பு எல்லாம் அச்சு அசல். ஆனால் அவர்கள் தமிழ் கற்றது, மலையில் மூடிக்கிடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் பாடப் புத்தகங்களிலிருந்து. அதனால் 'வூடு' மட்டும் வாயில் வராது!

மொரப்பூர் ஸ்டேஷனில் கதாநாயகி காத்திருக்கிறாள். அண்ணன் ரயிலைவிட்டு இறங்குகிறான். அதே சிரிப்பு, அதே பை. "வா, வீட்டுக்குப் போகலாம்" என்கிறான்.

எனக்கு முதுகு சில்லென்றது.

அதற்குப் பிறகு யாரை நம்புவது? பாப்பாரப்பட்டிச் சந்தையில் தக்காளிக்காரர், "என்ன விலைக்கு வேண்டும் அம்மா?" என்று சுத்தமாகக் கேட்டார். வாங்காமல் வந்துவிட்டேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் "வீட்டில் யாரும் இல்லையா?" என்றார். இருந்துகொண்டே, இல்லை என்றேன். இந்த ஆசிரியர் மேலும் சந்தேகம்தான். நம் சந்தையில் எந்தப் பக்கம் வெற்றிலைக் கடை என்பதுவரை எழுதியிருக்கிறார்... யாராக இருக்கும்?

புதன்கிழமை செல்வி வந்தாள்.

"உள்ள காதல் கீதல் இருக்குதா?"

"ஒரு பையன் அந்தப் பொண்ணுக்குக் குடை குடுக்கறான்."

"ஏன் குடுத்தான்?"

"மழை பெஞ்சுதும்மா."

செல்வி யோசித்தாள். "எந்தப் பக்கம்?"

"நூத்திப் பத்து."

"அதை நான் பாத்துக்கறேன். மத்தது?"

"உம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நம்ம பேச்சைப் பேசறவங்களை மட்டும் உள்ள விடுது. முன்ன அந்தப் பேச்சுக்குத்தான வெக்கப்பட்டுது?"

செல்வி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். பிறகு நூற்றிப் பத்தாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். "புத்தகத்தை நீங்களே அவகிட்ட குடுங்க. கார்டை டப்பாவுலருந்து எடுத்துக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். பெரியவர்களும் படிக்கலாம், பிறகு யாரையும் நம்ப முடியாது என்பது மட்டும்தான் குறை.

நேற்றுச் சாயந்தரம் புத்தகத்தோடு போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் காவ்யா.

"எங்க வந்தீங்க ஆயா?"

"உங்க வூட்டுக்குத்தான் கண்ணு."

கொண்டியில் கை வைத்தவள் நிறுத்திவிட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப வாரா வாரம் 'வீடு வீடு'ன்னு பத்திரிகையில எழுதறது யாரு?"

அரை மணி நேரம் வெளியே நின்றேன். இந்த வாரமும் முதல் வரியிலேயே 'பக்கத்து வீட்டு' என்று எழுதி மாட்டிக்கொண்டேன், பாருங்கள்.