கம்பெனி இரும்பா, அக்கா பைப்பா

அந்தப் பட்டறைக்காரரை எல்லோரும் ‘சைலன்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கார் புகைக்குழாய் வேலை செய்வதால் வந்த பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். அதெல்லாம் சும்மா! வாயை மூடவே தெரியாத மனிதருக்குக் கிண்டலாக வைத்த பெயர் அது. கையில் ஸ்பேனரை எடுத்தால் போதும், வாயும் கூடவே ஓட ஆரம்பித்துவிடும். காரை விட வருகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று நடையைக் கட்டுவார்கள்.

அந்தப் பேச்சில் முக்கால்வாசி மனைவியின் பெருமைதான். பட்டறையில் வெல்டிங் முழுக்க அந்த அம்மாளுடைய வேலை. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் ‘அக்கா’. கல்யாணத்துக்கு முன்னால், பால் பண்ணைகளுக்கு ஸ்டெயின்லெஸ் குழாய் பற்றவைக்கும் கம்பெனியில் இருந்தவர். பால் ஓடும் குழாயின் உள்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் பால் அங்கே தங்கிக் கெட்டுப்போகும். அதனால் வெளியே பற்றவைக்கும்போதே, ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்புவார்கள். நிரப்பாவிட்டால் வெல்டிங்கின் பின்பக்கம் தீய்ந்த சர்க்கரை மாதிரி கறுத்துப் பொரிந்துவிடும். “வெளிய பளபளன்னு இருக்கிறதெல்லாம் பவிசுக்கு. வேலை உள்ளதான் இருக்கு” என்பார் அக்கா. புகை போகிற குழாய்க்கு இவ்வளவு எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால், அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள்.

டர்போ வண்டிகள்தான் இவர்கள் பிழைப்பு. எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலிருந்தும் கொதிக்கக் கொதிக்க வரும் புகையை ஒன்றாகச் சேர்த்து, டர்போவுக்குள் இருக்கும் காற்றாடியின் மேல் பாய்ச்சுவது ஹெடர். அந்தக் காற்றாடி சுற்றினால்தான் எஞ்சினுக்குக் கூடுதல் காற்றும் வேகமும் கிடைக்கும். கார் கம்பெனிக்காரன் அதைக் கனத்த வார்ப்பிரும்பில் போட்டுத் தருவான். முரட்டுச் சாமான், வருஷக்கணக்கில் கிடக்கும். ஆனால் உள்ளே இடம் நெருக்கடி. அக்கா செய்யும் பைப் ஹெடரில் நான்கு குழாயும் ஒரே நீளம், வளைவெல்லாம் நிதானம். ஆக்சிலேட்டரை மிதித்த மாத்திரத்தில் டர்போ விழித்துக்கொள்ளும். “கம்பெனி இரும்பு போட்ட வண்டி, தோள்ல மூட்டையோட ஓடுற ஆள் மாதிரி சார்” என்று இருபது வருஷமாக வருகிறவன் போகிறவன் காதையெல்லாம் தின்றிருக்கிறார் சைலன்சர்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அக்கா பைப் போட்ட ஒரு கார் இழுவை வண்டியில் திரும்பி வந்தது. டர்போவைக் கழற்றினால், காற்றாடி இறக்கைகள் எலி கடித்த மாதிரி இருந்தன. அக்கா கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, சைலன்சர் அந்த ஹெடரை அறுத்தார். உள்ளே முழுக்கக் கறுப்பு. தொட்டால் உதிர்ந்தது. டர்போ இல்லாத வண்டியாக இருந்தால் அந்தத் துணுக்குகள் பின்னால் புகையோடு போய்த் தொலைந்திருக்கும். இதில் நேராகக் காற்றாடியில்தான் போய் மோத வேண்டும். அக்கா உள் ஹோஸை மாட்டவே இல்லை.

அக்காவா? மாட்டவில்லையா? சைலன்சருக்கு, கண்டும் காணாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. குளியலறைக் குழாய் திறந்தே கிடந்தது. தங்கையிடம் ஒரே சேதியை ஒரே போனில் இரண்டு தடவை சொன்னது. தெருமுனையில் பையோடு நின்றுகொண்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசித்தது. வயசாகிறது, எல்லோருக்கும் வருவதுதான் என்று மனசைத் தேற்றியிருந்தார். இதை எப்படித் தேற்றுவது? அறுத்த துண்டுகளைச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, வேறு டர்போ மாட்டி, வாய்க்கு வந்த ஒரு காரணத்தைச் சொல்லி அந்தக் காரை அனுப்பிவைத்தார். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

பிறகுதான் மாட்டு டாக்டர் வந்தார். மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்கெல்லாம் தனியாகவே காரில் போய் வருகிறவர். அவர் காரின் கம்பெனி ஹெடர் விரிசல் விட்டிருந்தது.

“அண்ணே, மறுபடியும் கம்பெனி இரும்பா, இல்ல அக்கா பைப்பா? எது போடலாம், நீங்களே சொல்லுங்க.”

“கம்பெனியே போட்டுடலாம் டாக்டர். மலை ஏத்தத்துக்கு இரும்புதான் தாங்கும்.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “நீங்களா பேசுறது? அக்கா, அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?”

அக்கா சிரிக்கவில்லை. “ஊருக்கெல்லாம் பைப்பு, உங்களுக்கு மட்டும் இரும்பாமா? வண்டிய விட்டுட்டுப் போயி வியாழக்கிழமை வாங்க டாக்டர். நான் செஞ்சு வைக்கிறேன்.”

நடுமலையில் டர்போ செத்து, அந்த மனிதர் வளைவில் மாட்டிக்கொண்டால்? அதற்காக, கட்டிய மனைவியிடம் போய் உன் வேலை போச்சு என்று சொல்ல முடியுமா? அதைச் சொன்னால் அப்புறம் அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்? பாவி மனுஷன் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். அவளுக்குத் தெரியாமல் ஹோஸை நாமே மாட்டிவிடுவோம். இவ்வளவுதானே! எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கம்பெனி ஹெடரையும் வரவழைத்து, பெட்டியோடு பெஞ்சுக்கடியில் தள்ளிவைத்தார்.

வியாழக்கிழமை காலை அக்கா குழாய்களைப் பொருத்திவிட்டு, முகமூடியை இறக்கினார். சைலன்சர் எதையோ தேடுகிற மாதிரி பின்பக்கமாகப் போய், ஹோஸைக் குழாய்க்குள் சொருகி வாயுவைத் திறந்துவிட்டார். பிறகு தூரமாக வந்து, கேட்க ஆளில்லாவிட்டாலும் கதை பேச ஆரம்பித்தார்.

அக்கா பற்றவைக்காமல் முகமூடியைத் தூக்கினார். உஸ்ஸென்று வந்த சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். நேராகப் போய் வாயுவை மூடினார்.

“ஏங்க, எதுக்கு இதைத் திறந்து விட்டீங்க? வீணாப் போகுதில்ல?” ஹோஸை உருவி எடுத்து அதன் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஏது?”

“உள்ளுக்கு வைக்கிறதும்மா.”

“உள்ளுக்கா? உள்ளுக்கு எதுக்கு?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்த முகத்தில் விளையாட்டே இல்லை. இன்றைக்கு ஹோஸ். நாளைக்கு எது? எத்தனை நாளைக்கு இவள் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து திறந்துவிடுவது? சைலன்சர் போய் வெல்டிங் மெஷினை அணைத்தார். பெஞ்சுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து, கம்பெனி ஹெடரை மேலே தூக்கி வைத்தார்.

“கோவிச்சுக்காதம்மா. டாக்டருக்கு இதையே போட்டுடலாம்.”

சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தார். வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த இரும்பின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அந்தக் காரு திரும்பி வந்துச்சே, அன்னைக்கே நினைச்சேன். நீங்க ஒண்ணுமே பேசாம வேலை செஞ்சீங்க. நம்ம வேலையிலதான் ஏதோ கோளாறுன்னு புரிஞ்சுது.”

“அப்படியெல்லாம் இல்லம்மா…”

“இருக்கட்டுங்க. நான் எதையோ மறந்துட்டேன்னு தெரியுது. என்னத்த மறந்தேன்னுதான் தெரியல. தினமும் உக்காந்து யோசிக்கிறேன்.”

அவர் அழுதுவிட்டார். அக்கா அழவில்லை. எழுந்து, கைவிளக்கை எடுத்து வந்து, காருக்குப் பக்கத்தில் நின்றார். “வாங்க. டாக்டர் வர்றதுக்குள்ள மாட்டிடலாம்.”

மொத்தம் ஒன்பது நட்டு. சைலன்சர் குனிந்து ஒவ்வொன்றாக இறுக்க, அக்கா விளக்கைப் பிடித்துக்கொண்டு, “இது எத்தனாவதுங்க?” என்று கேட்டார். மூன்றாவது என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து அக்கா மறுபடியும் கேட்டார். அதே நட்டில்தான் ஸ்பேனர் இருந்தது. மூன்றாவதும்மா என்றார்.