பூசையும் புவாசாவும்

தோஹா தொழில்பேட்டைக் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் குள்ளமானவர். முன்பல் ஒன்று தங்கம். பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒரு பக்கமும் இந்தோனேசியர்கள் ஒரு பக்கமும் சாப்பிடுவார்கள், இவர் மட்டும் நடுவே தனியாக. ரொட்டியைப் பிட்டு, அந்த வழியாகப் போகிறவருக்குப் பாதியை நீட்டாமல் வாயில் வைக்கமாட்டார்.

ஒரு ஏகாதசியன்று, அதே குடோனில் வேலை பார்த்த என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"புவாசா?" என்று கேட்டார்.

பூசையைக் கேட்கிறாரென்று நினைத்து, எங்கள் அரைகுறை இந்தியில், "காலையிலேயே முடிச்சிட்டேன் பாய்" என்றேன்.

"முடிஞ்சிடுச்சுன்னா சாப்பிடுங்க."

நான் வயிற்றைத் தொட்டு, "இன்னைக்கு கானா மாஃபி, சாப்பாடு கிடையாது" என்றேன்.

"அதான் புவாசா. நாங்க ரம்ஜானுக்கு இருக்கிறது."

உபவாசம்! எனக்குச் சிலிர்த்தது. "அது எங்க வார்த்தையாச்சே பாய்."

"மலாய்க்காரங்க கொண்டாந்திருப்பாங்க. நாங்க ரெண்டு நாட்டு எல்லைத் தீவுல இருக்கிற சங்கில்ங்கிற கூட்டம், எங்க பாஷை சின்னது. பிலிப்பைன்ஸ்காரன் அதை இந்தோனேசியாங்கிறான், இந்தோனேசியாக்காரன் பிலிப்பைன்ஸ்ங்கிறான். எந்தப் பக்கம் உட்கார?"

"எங்க இந்தியாக்காரங்க பக்கம் உட்காருங்க. வார்த்தை வழியில சொந்தமாயிட்டோமே."

"உட்கார்றேன். வார்த்தையை மட்டும் திருப்பிக் கேட்காதீங்க. வருஷத்துல ஒரு மாசம் பூரா வேணும்" என்று தங்கப்பல் தெரியச் சிரித்தார்.

அந்தப் பாதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். மறுநாள் பெருமாளைக் கும்பிட்டு, துளசித் தீர்த்தம் குடித்ததும், நான் முதலில் சாப்பிட்டது அதைத்தான்.