ரேடியோவில் என் பேர்

காலை எட்டு மணிக்கு என் மனைவி ரேடியோவில் மலைக்குப் பேச ஆரம்பிப்பாள். அந்த நேரத்தில் நீங்கள் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் நடந்தால், டீக்கடையில் பாதிப் பேச்சைக் கேட்டு, சலூனில் மீதியைக் கேட்டு, உரக்கடை வாசலில் அதற்கு வந்த பதிலையும் கேட்டுவிடலாம். செங்கத்திலிருந்து ஏறி வரும் பஸ் எந்த வளைவில் நின்றுபோயிருக்கிறது, ரேஷனில் பருப்பு வந்ததா, புளி என்ன விலைக்குப் போகிறது, எந்த ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள், எந்த ஊரில் கூத்து, எல்லாம் அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரிய வேண்டும். நடுவில் மலைக்காரர் யாராவது களத்தில் பாடியதை ரெக்கார்டில் பிடித்து வந்து போடுவார்கள். மற்றபடி எல்லாம் போன்தான். யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், எதை வேண்டுமானாலும் பேசலாம்.

நானும் அதே தெருவில்தான் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. அங்கேயும் ரேடியோ பாடும். ஒரு நாள் நிறுத்தி வைத்திருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, வீட்டில் சண்டையா என்று கேட்டார். அன்றிலிருந்து நிறுத்துவதில்லை.

எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள்மேல் சந்தேகம் என்று யாரும் நினைக்க வேண்டாம், சந்தேகம் வேறு சாதி. என் இலையில் வைக்க வேண்டியதை ஊருக்கெல்லாம் பந்தி போட்டுவிட்டு எனக்குக் கடைசியில் ரசம் ஊற்றினால் வருமே ஒரு எரிச்சல், அது. ரேடியோவில், "சொல்லுங்கண்ணா, சாப்ட்டீங்களா, சாமை அறுத்துட்டீங்களா, பாப்பாவுக்குக் காய்ச்சல் வுட்டுதா?" என்று ஒவ்வொருவனையும் தட்டிக்கொடுப்பாள். வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டிவிடும். மிளகு போட்ட வெந்நீரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கேட்பதற்கெல்லாம் தலையை ஆட்டுவாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையை நீட்டினாள், அவ்வளவுதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பேர் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த வானொலி நிலையத்தில் ஒரு சட்டம் உண்டு. போனில் வருகிறவர் யாராக இருந்தாலும் அவருடைய பேரையும் ஊரையும் நிகழ்ச்சியில் பேசுகிறவர் வாய் நிறையத் திருப்பிச் சொல்ல வேண்டும். பொறுப்பாளராக இருக்கிற பெண் திருப்பத்தூரிலிருந்து வருகிறாள், சின்ன வயசு, கறாரான பேர்வழி. பஸ்ஸே போகாத ஊர்க்காரன் தன் பேரை ரேடியோவில் கேட்டால்தான் ரேடியோ தன்னுடையது என்று நினைப்பான் என்பது அவளுடைய கட்சி. நியாயம்தான். அதனால் மலையில் இருக்கிற ஆம்பளைகள் அத்தனை பேருடைய பேரும் என் மனைவியின் வாயில் புரண்டு வந்தாயிற்று. ஒருவன் பேரைத் தவிர.

என் பேரை அவள் சொன்னதில்லை. நாங்கள் இருவரும் கீழ்நாட்டுக்காரர்கள், மலையடிவாரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அந்தப் பக்கத்தில் இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், இவளும் ஒருத்தி. கல்யாணத்தன்று என் அக்காமார் வாசலை மறித்துக்கொண்டு, மாப்பிள்ளை பேரைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று வம்பு பண்ணினார்கள். வெகு நேரம் தலை குனிந்து நின்றுவிட்டுப் பெரியக்காவின் காதில் மட்டும் சொன்னாள். ஆக, அதை என் அக்கா கேட்டிருக்கிறாள், நான் கேட்டதில்லை. கோயிலில் அர்ச்சனைக்கு வீட்டில் எல்லார் பேரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் கடகடவென்று ஒப்பிப்பாள். என் முறை வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். என் பேரை நானே சொல்லிச் சாமியிடம் அறிமுகம் செய்துகொள்வேன். திருப்பத்தூரில் என் பேரில் ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. அதை அவள், "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்க மாடிப்படி வெச்ச கடை" என்பாள்.

என்னைக் கூப்பிட அவளிடம் ஒரே வார்த்தைதான். "இன்னாங்க." எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்கிற வார்த்தைதான், அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இவள் சொல்லும்போது கடைசியில் கொஞ்சம் இழுத்து, இழுத்த இடத்தில் லேசாகக் கோபத்தை வைத்து முடிப்பாள். மலையில் வேறு யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லாருக்கும் நான் மோட்டார்காரர். என் பேர் ஆதார் கார்டில் சும்மா படுத்துக் கிடந்தது. அதை இங்கே எழுதவும் மாட்டேன். சொல்ல வேண்டியவள் சொல்லாததை நீங்கள் படிக்க வேண்டாம்.

இப்படி இருக்கும்போது போன சாமை அறுப்பு சமயத்தில் ஒருவர் போனில் வந்தார். மலைக்காரர், உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அவருக்கும் என் பேர்தான்.

முதல் நாள் இவள் தப்பித்துக்கொண்டாள். "சாமைக்கார அண்ணா" என்று சொல்லிச் சமாளித்தாள். கடையில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார், அதே பேர் வேறொருவனுக்கு இருந்தால்கூட வாயில் வரவில்லை. அடுத்த நாளும் வந்தார், ஊரை மட்டும் சொன்னாள். அதற்கடுத்த முறை அந்த மனிதர் ரேடியோவிலேயே நியாயம் கேட்டுவிட்டார்.

"எல்லாருக்கும் பேரு சொல்றம்மா. எனுக்கு மட்டும் சொல்ல மாட்டன்ற. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

பொறுப்பாளர் அன்றைக்கு இவளைக் கூப்பிட்டு, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை நான் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் ஒரு இருமல். பிறகு என் மனைவியின் குரலில் என் பேர் வந்தது. தெளிவாக, அழகாக, முழுசாக வந்தது. வந்து, அதன் வாலில் "அண்ணா" என்றும் வந்தது.

சுற்றின கணக்கு தப்பிப்போய், அவ்வளவு கம்பியையும் அவிழ்க்க வேண்டியதாயிற்று. இத்தனை வருஷம் கழித்து அவள் வாயில் என் பேரைக் கேட்கிறேன். அது இன்னொருத்தனுக்கு, அதுவும் அண்ணன் முறை வைத்து.

ஒரு தடவை வந்துவிட்டால் நாக்குக்குக் கூச்சம் போய்விடும் போலிருக்கிறது. அவர் தினமும் கூப்பிட்டார், இவள் தினமும் சொன்னாள். அவர் பலாப்பழம் வெடித்ததைச் சொல்லுவார், வயலில் கரடி வந்ததைச் சொல்லுவார், ஒரு பாட்டையும் எடுத்துவிடுவார். நன்றாகப் பாடுவார் என்பது வேறு என் வயிற்றில் எரிந்தது. வீட்டில் நான் சாம்பாரைக் குறை சொன்னேன், சோற்றைக் குறை சொன்னேன், தொண்டைக்கு மிளகு ஆகாது என்றுகூட ஒரு நாள் சொன்னேன். அவள் வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இப்போது என்ன ஆச்சு என்று நேராகவே கேட்டுவிட்டாள். நானும் கேட்டுவிட்டேன்.

"அது அவுரு பேருங்க. உங்க பேரா அது?" என்றாள்.

இரண்டும் ஒன்றுதானே என்றேன்.

"பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாய்டுமா? அவுர கூப்புட்றப்ப எனக்கு உங்க நெனப்பே வர்றதில்ல."

சமாதானத்துக்குத்தான் சொன்னாள். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம். அப்படியானால் என்னை நினைத்து ஒரு தடவை சொல் என்றேன். சிரித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வாரம் அந்த மனிதரே என் கடைக்கு வந்தார். நாலைந்து வீட்டுக்குச் சேர்த்துப் போட்ட மோட்டார் எரிந்துவிட்டது என்று ஒரு தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். என்னைவிட வயதானவர், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சட்டைப் பையில் போன் வைத்திருந்தார். ரசீதுக்குப் பேர் கேட்டேன். சொன்னார். மோட்டார்காரர் சம்சாரம்தான் ரேடியோக்காரி என்பது அவர் ஊர்வரை போயிருக்கவில்லை. ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார். அந்தத் தங்கச்சி தன் பேரைச் சொல்கிற நேரத்துக்குத் தங்கள் ஊரில் ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வூட்ல ஒரு நாளும் சொன்னதில்ல பா. பொம்பள வாயால எம் பேரு எப்பிடி இருக்கும்னு இப்பதான் கேக்கறேன். நல்லாத்தான் இருக்குது."

எனக்குத் தெரியாதா நன்றாகத்தான் இருக்கிறது என்று. மூன்றே மணி நேரத்து வேலை. சந்தையன்று வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் காலை நான் ரேடியோவுக்குப் போன் போட்டேன். யோசித்துத்தான் போட்டேன். மோட்டார் கடைக்காரனும் நேயர்தானே, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே. பேசுவதற்கு விஷயமும் தயாராக வைத்திருந்தேன்: மலையில் கரண்ட் குறைச்சலாக வருகிற நேரத்தில் மோட்டார் போட்டால் எப்படி எரிந்துபோகிறது, எப்போது போட வேண்டும். உபயோகமான விஷயம். போனை எடுத்த பெண் பேரையும் ஊரையும் கேட்டாள். பேரைச் சொல்லி, ஜமுனாமரத்தூர் என்றேன். துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே கொடுப்பார்கள், இவள் அதைப் பார்த்துப் படிக்க வேண்டும். காத்திருக்கும்போது என் உள்ளங்கை வேர்த்தது. ஐம்பதைத் தாண்டியவன், சொந்தப் பெண்டாட்டிக்குப் போன் போட்டுவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அடுத்ததா நம்மளோட பேச வந்திருக்கறவரு, ஜமுனாமரத்தூர்ல இருந்து..." என்றாள். நிறுத்தினாள்.

நான் வணக்கம் என்றேன். பதில் இல்லை. ரேடியோவில் பேச்சு நின்றால் அது பெரிய குற்றம், பொறுப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பாள். எதிர் டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார்கள். வரப்போகிறது, வந்துவிட்டது என்று நான் போனைக் காதோடு அழுத்தினேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். போனில் பேசுகிறவர்கள் பக்கத்தில் இருக்கிற ரேடியோவை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு ஊளையிடும். அவள் தினமும் பத்துப் பேருக்காவது சொல்லுகிற விஷயம் அது. என் கடை ரேடியோ முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஊய் என்று ஒரு சத்தம் கிளம்பி மலை முழுக்கக் காதைத் துளைத்தது. அவளுக்கு ரேடியோ மறந்துவிட்டது, நேயர் மறந்துவிட்டது, சட்டம் மறந்துவிட்டது.

"இன்னாங்க, அந்த ரேடியோவ கம்மி பண்ணுங்க!"

வீட்டில் சொல்கிற மாதிரியே, அதே இழுப்போடு, அதே கோபத்தோடு.

எதிரே டீக்கடை அப்படியே வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள், அதுவும் ரேடியோவில் போயிற்று. நான் கரண்டைப் பற்றி என்னவோ உளறினேன். "நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டாள். பேர் வரவே இல்லை.

சந்தையன்று கடையைத் திறந்து உட்கார முடியவில்லை. புளி மூட்டையோடு போகிறவர், வெற்றிலைக்காரர், பஸ் கண்டக்டர், ஒருவர் பாக்கி இல்லாமல் என்னைப் பார்த்து "இன்னாங்க" என்று இழுத்தார்கள். இழுக்கிற இடம், கோபம் வைக்கிற இடம், எல்லாம் பிசகாமல் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மோட்டார் வாங்க வந்த சாமைக்காரருக்கும் விஷயம் எட்டியிருந்தது. ரேடியோவில் போன் எடுக்கிற பெண் சொன்னாள், நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே பேராமே என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் இன்னமும் போன் போடுகிறார், அவள் இன்னமும் அவர் பேரைச் சொல்கிறாள். அவருக்கு ஒரு குறைவும் இல்லை.

நான் ரேடியோவுக்குப் போன் போட்ட அன்று சாயந்திரம் வீட்டுக் கதவைத் திறந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பொறுப்பாளர் திட்டினாளா என்று கேட்டேன். இல்லையாம், நிகழ்ச்சி நன்றாக இருந்தது என்று பாராட்டினாளாம். இனிமேல் அடிக்கடி உங்கள் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள் என்றாளாம்.

"ரோட்ல வர்றப்ப ஒரு பையன் அந்த மாதிரியே கூப்புட்டு சிரிக்கறான். உங்கள கூப்புட எனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதயும் நீங்க ரேடியோவுக்குக் குடுத்துட்டீங்க" என்றாள்.

அது தனக்கென்று வைத்திருந்த வார்த்தை என்று எனக்கு எப்படித் தெரியும்? வேறு வழியில்லாமல் சொல்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். ஊரில் எவனுக்கோ கிடைக்கிறது எனக்கு இல்லையே என்று வெந்துகொண்டிருந்தவன், எவனுக்கும் இல்லாமல் எனக்கு மட்டும் இருந்ததை நானே தூக்கித் தெருவில் போட்டிருக்கிறேன். இப்போது யோசித்தாலும் அந்த டீக்கடைக்காரர்கள்மேல்தான் ஆத்திரம் வருகிறது. அவர்கள் காதில் விழுந்ததை எப்படிப் பிடுங்குவது?

அதற்கப்புறம் அவள் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. பேரும் சொல்வதில்லை. கூப்பிட ஒன்றும் இல்லாததால் சமையல்கட்டிலிருந்து எழுந்து நான் இருக்கிற இடத்துக்கு வருகிறாள். வந்து, தோளில் கை வைத்துவிட்டுத்தான் எதையும் சொல்ல ஆரம்பிக்கிறாள். அது ரேடியோவில் கேட்காது.