அடுத்த வீட்டுக் கித்தார்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் கித்தார்காரன் என்றால் அது பாய்லர் ஃபிட்டர் பக்கிரிசாமிதான். இதை வேறு யாரும் சொல்லாததால் அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். கல்யாண வீட்டில் அவர் கித்தாரை மடியில் வைத்தால் விரல்கள் தலைதெறிக்க ஓடும், சனங்கள் வாயைப் பிளக்கும். பாடுகிறவர் எங்கே போகிறார், ஆர்மோனியம் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது.

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்த மறுவருஷம் கன்னையா வந்து சேர்ந்தான். கேரி தீவில் வேலை பார்த்த ரப்பர்த் தோட்டம் முடங்கிப்போனதால் அக்காள் நல்லம்மாள் வீட்டில் ஒண்டிக்கொள்ள வந்தவன். நல்லம்மாள் பக்கிரிசாமிக்கு அடுத்த வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தோளில் துணிமூட்டை, கையில் ஒரு பழைய கித்தார் என்று அவன் வாசலில் வந்து நின்றதைப் பார்த்தார் பக்கிரிசாமி. அன்றைக்கு அவருக்கு மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் வாசிப்பு கேட்டதும்தான் உயிர் வந்தது. இதுவா வாசிப்பு? இரண்டே இரண்டு கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் இரண்டே இரண்டு விரல்பிடி. ஒன்றைப் பிடிக்கிறான், காலால் தாளம் தட்டுகிறான், அடுத்ததைப் பிடிக்கிறான், மறுபடி முதல் கார்டுக்கு வருகிறான். மாடு அசைபோடுவதுபோல அரைமணி நேரம் அதேதான்.

"புஷ்பம், கேட்டியா? பாட்டே தெரியாதுபோல, பாவம்" என்று மனைவி புஷ்பவல்லியிடம் சொல்லிச் சிரித்தார்.

"தப்பு வரலையே, அதைக் கேட்டீங்களா?" என்றாள் அவள்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. துணிக்கடை கிஃபாயத்துல்லா பாய் ஒரு பாட்டுக்குழு நடத்திவந்தார். அவர் ஆர்மோனியம், வீரம்மா பாட்டு, பக்கிரிசாமி கித்தார். வீரம்மாவின் தொண்டை நாளுக்கு ஒரு கட்டையில் நிற்கும். கட்டை என்றால் சுருதியின் உயரம், ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சொல்வது. பாய் கட்டையை மாற்றும்போதெல்லாம் பக்கிரிசாமி பாதி வழியில் காணாமல்போய், கடைசி வரியில் வந்து சேர்ந்துகொள்வார். பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் நல்லம்மாள் வீட்டு வாசலில் நின்று கன்னையாவின் வாசிப்பைக் கேட்டார். அடுத்த வாரம் பக்கிரிசாமியின் இடத்தில் கன்னையா உட்கார்ந்திருந்தான்.

பக்கிரிசாமிக்கு வயிறு பற்றி எரிந்தது. ஊரே கன்னையாவைப் பேசியது. பாசாரில் மீன் விற்கிறவள்கூட, "அந்தத் தம்பி வாசிச்சா மனசு கரையுதுலா" என்றாள். பக்கிரிசாமி மீன் வாங்காமலே திரும்பிவிட்டார்.

வெளியே காட்டிக்கொள்ள முடியாத ஆத்திரம் மனுஷனைச் சுவரில் காது வைக்கச் சொன்னது. வேலை விட்டு வந்ததும் ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அங்கே ஒரு கார்டு விழுந்தால் இங்கே தன் கித்தாரில் அதைத் தேடுவார். தேடியவருக்குத் தலை சுற்றியது. அவன் வாசிப்பதெல்லாம் ஆட்காட்டி விரலைக் கிடையாகப் போட்டு ஆறு கம்பியையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கிற பார் கார்டுகள். வருஷக்கணக்காக வாசித்தும் பக்கிரிசாமி ஒதுக்கி வைத்திருந்த கார்டுகள். அதை இந்தத் தோட்டத்துப் பையன் ஒரு பிசிறு இல்லாமல் வாசிக்கிறான்!

"தெலுக் பங்லிமா காராங் பக்கம் கம்பத்துக் கிராமத்துல மலாய்க்காரங்க கெரோன்சோங் பாட்டு வாசிப்பாங்களாம், அங்கதான் பழகுனானாம்" என்று புஷ்பவல்லி செய்தி கொண்டுவந்தாள்.

"நான் கேட்டேனா?" என்று எரிந்து விழுந்தார்.

அவனை விடக்கூடாது என்று கிளம்பினார். பார் கார்டில் வேகமாக ஓட முடியாது, விரல் வலிக்கும். ஆகவே அவரும் மெதுவாகத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டு கார்டு, காலால் தாளம், மறுபடி அதே இரண்டு. ஒன்று சுத்தமாக விழுந்த பிறகுதான் அடுத்தது. மாடு அசைபோட்டது. விரல் நுனி தோலுரிந்து, காய்த்து, மறுபடி உரிந்தது. பட்டறையிலிருந்து சாக்பீஸ் கொண்டுவந்து கித்தாரின் கழுத்தில் குறுக்கே ஓடும் கம்பிப் படிகளின்மேல் சரிகமபதநியைக் குறித்துப் பார்த்தார். சவிலிருந்து ரிக்கு இரண்டு படி, ரியிலிருந்து கவுக்கு இரண்டு படி, கவிலிருந்து மவுக்கு மட்டும் ஒரே படி. பார் கார்டைப் பிடித்த கையை அப்படியே ஒரு படி நகர்த்தினால் பாட்டு முழுக்க அரைக் கட்டை நகர்ந்துவிடும், விரல்களின் அமைப்பு மாறவே மாறாது. இது புரிந்த அன்று கித்தாரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தார். உடனே, இதெல்லாம் அந்தப் பயலுக்கு முன்னமே தெரிந்திருக்குமே என்று தோன்றியது. சந்தோஷம் அத்தோடு போயிற்று.

இதற்கிடையில் பங்சார் பக்கம் ஜப்பான்காரனின் லோரிகள் வர ஆரம்பித்திருந்தன. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். ரோட்டில் நடந்து போகிறவனை ஏற்றிக்கொண்டு போவார்கள், போனவர்களில் ஒருவரும் திரும்பியதாகப் பேச்சில்லை. பாயின் குழு ஜப்பான் முகாமில் பாடியதால் அங்கிருந்த அதிகாரி ஒருவர் குழுவில் இருப்பவர்களுக்குக் கைப்பட்டி கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். முத்திரை போட்ட அந்தத் துணியைச் சட்டைக் கையில் கட்டியிருந்தால் லோரியில் ஏற்ற மாட்டார்கள். கித்தார் வாசிப்பவருக்கு என்று ஒரே ஒரு பட்டிதான்.

செய்தி கேட்டதும் பக்கிரிசாமி நேரே பாயின் கடைக்குப் போனார். "பாய், ரெண்டு பேரையும் வாசிக்கச் சொல்லி, கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பழகுன ஆளுக்கு அந்த மரியாதைகூட இல்லையா?"

பாய் தாடியைத் தடவினார். "சரி. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாங்க."

வீட்டில் புஷ்பவல்லி பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத்தான் ரயில்வே பட்டி இருக்கே. ரயில் ஓடுற வரைக்கும் உங்களை எவனும் தொடமாட்டான். அவனுக்கு என்ன இருக்கு? நல்லம்மா அழுதுகிட்டு இருக்கா."

"திறமை இருந்தா பொழைச்சுக்கட்டும்" என்றார் பக்கிரிசாமி. சொல்லும்போதே நாக்கு கசந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை துணிக்கடையின் பின்கட்டில் எல்லோரும் கூடினார்கள். கன்னையாவை முதலில் வாசிக்கச் சொன்னார் பாய். பக்கிரிசாமி எதிரே உட்கார்ந்து, இத்தனை மாதம் காதால் மட்டும் கேட்டதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார். பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார் கார்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படிக்க வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற மூன்று விரல் கார்டைத்தான் பயல் பிடித்துக்கொண்டிருந்தான்!

பாட்டு முடிந்ததும் அடக்கமாட்டாமல் கேட்டார். "டேய், இது எப்படிடா இந்தச் சத்தம் வருது?"

"கம்பியை ஒரு கட்டை எறக்கி வச்சிருக்கேண்ணே" என்றான் கன்னையா வெகுளியாக. "முறுக்கி வச்சு அறுந்துட்டா எங்கண்ணே போய் வாங்குறது? இப்ப கடையில ஏதுண்ணே கம்பி?"

பக்கிரிசாமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கம்பி அறுந்துவிடக் கூடாதே என்று ஒருத்தன் தளர்த்தி வைத்த சுருதியை, முறுக்கிய தன் கம்பியில் பார் கார்டு பிடித்துத் தேடித் தேடி இங்கே ஒரு மனுஷன் விரல் தேய்ந்திருக்கிறான். இத்தனை நாள் பொறாமைப்பட்டதெல்லாம் இந்த மூன்று விரல் கார்டைப் பார்த்தா என்று தன் மேலேயே கோபம் வந்தது.

அடுத்த பாட்டுக்கு முன் வீரம்மா இருமினாள். "பாய், சளி கட்டியிருக்கு. அரைக் கட்டை எறக்குங்க."

பாய் இறக்கினார். கன்னையா தடுமாறினான். இதுவரை முழுக் கட்டை மாறும்போதெல்லாம் வேறொரு மூன்று விரல் கார்டுக்குத் தாவிச் சமாளித்திருந்தான், அரைக் கட்டையில் அவை எதுவும் உதவவில்லை. இன்னும் தளர்த்தலாம் என்று முறுக்காணியைத் திருகினான், தொங்கிப்போன கம்பி 'வொய்ங்' என்றது. வீரம்மா பாட்டை நிறுத்திவிட்டாள்.

"பக்கிரிசாமி, நீங்க" என்றார் பாய்.

பக்கிரிசாமி கையை ஒரு படி கீழே நகர்த்தினார். அவ்வளவுதான். வீரம்மா மூச்சு விடுகிற இடத்தில் நின்று, அவள் எடுக்கிற இடத்தில் எடுத்து, பாட்டு முழுக்க ஒரு விரல் பிசகாமல் கூடவே போனார். நடுவில் பாய் வேண்டுமென்றே ஒரு கட்டை ஏற்றினார், அங்கேயும் போனார். முடிந்ததும் வீரம்மா, "அண்ணே, இவ்வளவு நாளா எங்க வச்சிருந்தீங்க இதை?" என்று கேட்டாள்.

பாய் பெட்டியிலிருந்து கைப்பட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார். "பட்டி உங்களுக்குத்தான். நியாயம்னா நியாயம்."

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. பக்கிரிசாமி தலையை நிமிர்த்திக் கன்னையாவைப் பார்த்தார், அவன் முகம் விழுந்துபோவதைக் காண வேண்டும் என்ற ஆசையோடுதான் பார்த்தார். கன்னையா அழவில்லை. கும்பிட்டான். "என்னா வாசிப்புண்ணே. நான் பொழைச்சு வந்தா எனக்குச் சொல்லிக்குடுங்க" என்றான். கதவோரம் நின்ற நல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பக்கிரிசாமி பட்டியைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கன்னையாவின் சட்டைக் கையை இழுத்து, அதை இறுக்கிக் கட்டினார்.

"என்ன செய்யுறீங்க?" என்றார் பாய்.

"கட்டுறேன், தெரியலையா? இவன் சயாம்ல செத்துப்போனா அப்புறம் ஊர் என்னா சொல்லும் பாய்? 'கன்னையா மாதிரி வாசிக்க ஆளில்ல'ன்னு காலத்துக்கும் சொல்லும். செத்தவனை நான் எங்க போய் ஜெயிக்கிறது? இவன் இருக்கணும். எனக்கு எதிரே உக்காந்து வாசிக்கணும். யாரு நல்லா வாசிக்கிறான்னு ஊர் கேக்கணும்."

நல்லம்மாள் ஓடிவந்து அவர் காலில் விழப்போனாள். "எழுந்திரும்மா, நான் ஒண்ணும் தர்மம் பண்ணல" என்று அதட்டினார். அவர் சொன்னது உண்மை. ஒருவரும் நம்பவில்லை.

அடுத்த மாதம் கிள்ளானில் நடந்த கச்சேரியில் கன்னையா மேடையில் இருந்தான். வீரம்மாவுக்கு அன்று தொண்டை சரியாக இருந்தது. மூன்று விரல் கார்டு மணிபோல் விழுந்தது. பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கிரிசாமியின் தோளைத் தட்டி, "இந்தப் பையன் மாதிரி இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே யாரும் வாசிக்கமாட்டாங்க போல" என்றார்.

பக்கிரிசாமி பல்லைக் கடித்தார். புஷ்பவல்லி அவர் தொடையில் கிள்ளி, "கை தட்டுங்க" என்றாள். கையில் கட்டிய பட்டியோடு கன்னையா மேடையிலிருந்து அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தான். வயிறு எரிய எரிய, பக்கிரிசாமி எழுந்து நின்று தட்டினார்.