விடுமுறையில் போன ரப்பர் மரங்கள்

என் நாத்தனார் கோர்ப்பு சிரிக்க ஆரம்பித்தால் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களும் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். என்ன விஷயம் என்றே தெரியாமல் சிரிப்பார்கள். பாங் மாவட்டத்தில், எங்கள் ஊரில், ரப்பர் தோட்டத்தைத் தனியாளாக நடத்திய பெண் அவள் ஒருத்திதான். புருஷன் இறந்ததும் எல்லோரும் விற்றுவிடச் சொன்னார்கள். அவளோ கத்தியைத் தீட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிட்டாள். ஒருநாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. பட்டையை மெலிசாகச் சீவுவாள். உள்மரத்தில் கத்தி படவே படாது.

அப்படிப்பட்டவளின் தோட்டத்தில்தான் ஒரு வருஷம் பால் வற்றியது. பட்டை பழுப்பேறி மரத்துப்போனது.

"அளவுக்கு மேல வெட்டினாத்தான் இப்படி ஆகும். நான் வெட்டலையே, அண்ணி!" என்று என்னிடம் புலம்பினாள். பிறகு தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து நார்நாராகக் கிழித்தாள். நோய் கண்ட மரங்களில் ஒவ்வொரு துண்டாகக் கட்டினாள். "இதுங்களுக்கெல்லாம் லீவு. நானே மறந்துபோய் வெட்டிடக் கூடாதுல்ல."

மறுநாள் காலை நாங்கள் மரவள்ளி இடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டக்காரன் சுலோன்டே ஓடிவந்தான். ஊரிலேயே பெரிய வாய் அவனுக்கு. அன்றைக்கு அந்த வாயிலிருந்து விக்கல்தான் வந்தது.

"கோர்ப்பு... இக்... அந்த மருந்தை எடுத்துடு... இக்!"

"எந்த மருந்து?"

"மரத்துல சிவப்பா கட்டியிருக்கியே, திருடனைப் பிடிக்கிற மந்திர மருந்து! அதைப் பார்த்ததுலேர்ந்து... இக்... நிக்கவே மாட்டேங்குது. நான்தான், நீ வெட்டாத நாள்ல எல்லாம் வந்து வெட்டிட்டுப் போனேன். போதுமா? இக்!"

கோர்ப்பு உலக்கையைப் போட்டுவிட்டாள். கோபம் வரத்தான் செய்தது. நானே பார்த்தேன், மூக்கு விடைத்தது. ஆனால் அவன் இன்னொரு தடவை விக்கினான். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது என் தலைத்துணிய்யா!"

"மருந்து வச்சவங்க எல்லாருமே... இக்... அப்படித்தான் சொல்லுவாங்க!"

சத்தியம் பண்ணினாள். நம்பவில்லை. பாதிக் கிழிந்த மிச்சத் துணியைக் கொண்டுவந்து காட்டினாள். அவன் பின்வாங்கினான். கடைசியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சரி, நீ கெடுத்த மரத்தை நீயே பாரு. அதுங்க மனசு மாறினா உன் விக்கலும் நிக்கும்."

விக்கல் மத்தியானமே நின்றுவிட்டது. ஆனாலும் அவன் விடவில்லை. மழைக்காலம் முழுக்க வந்தான். களை பிடுங்கினான், தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினான், பட்டையில் பூஞ்சை பிடித்த இடத்தைச் சுரண்டி மருந்து பூசினான். எண்ணெய்ப் பனைப்பழக் குழம்பும் சோறும் கோர்ப்பு போட்டாள். இருவரும் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"உன் கத்தி பட்ட இடத்தைப் பாரு, மாடு மென்ன மாதிரி இருக்கு!"

"திருட வந்தவன் நிதானமாவா வெட்டுவான்?"

மரங்கள் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விட்ட பிறகு, ஒரு காலையில் கோர்ப்பு ஒரு மரத்தில் மெல்லச் சீவிப் பார்த்தாள். வெள்ளைக் கோடு ஒன்று எழுந்து, சரிந்து, கிண்ணத்தில் சொட்டியது. அடுத்த மரத்திலும் சொட்டியது. எல்லா மரமும் தேறவில்லை. சில நிரந்தரமாகவே காய்ந்துபோயின. ஆனால் தேறியவை போதும் அவளுக்கு. "அண்ணி! அண்ணி!" என்று கத்திக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடினாள். சுலோன்டேயின் கையைப் பிடித்துச் சுற்றினாள். நானும் சேர்ந்துகொண்டேன். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் ஓடிவந்து, கேள்வி கேட்காமலே குதித்தார்கள்.

சுற்றிய வேகத்தில் கோர்ப்பு கையிலிருந்த கிண்ணம் சுலோன்டே தலையில் கவிழ்ந்தது. ரப்பர் பால் தலைமுடியில் உறைந்தால் சும்மா வராது. இழுத்தால் அவன் அலறினான்; அவன் அலறினால் அவள் சிரித்தாள். வேறு வழியில்லாமல் வெயிலில் உட்கார்த்தி வைத்து அவளே கத்தியால் மொட்டையடிக்க ஆரம்பித்தாள்.

"மெலிசாச் சீவு, தாயே," என்றான் அவன், "உள்மரத்துல பட்டுடப் போகுது!"

அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் கத்தியை நான் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.