ஒரு நிமிஷம் தரையில்

பிரெஞ்சு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஹேங் கிளைடிங் கற்றுக்கொண்டேன். அலுமினியக் குழாய்களில் துணியை இழுத்துக் கட்டிய ஒரு முக்கோண இறக்கை. அதன் அடியில் குப்புறத் தொங்கியபடி குன்றிலிருந்து ஓடிப் பறக்க வேண்டும். புதுச்சேரியில் குன்று கிடையாது. அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடிவதற்குள் காரை எடுத்துக்கொண்டு செஞ்சிப் பக்கம் போய்விடுவேன். மனைவி வீட்டில் தனியாக இருப்பாள். அதை நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

சென்ற ஆண்டு அவள் ஒரு நாய்க்குட்டியைத் தத்தெடுத்தாள். புதுச்சேரியிலேயே, கதிர்காமத்தில் ஒரு மதிலோரம் கிடந்தது. காப்பி நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். அவள் சமைக்கும்போது புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டே திரியும். முதல் தடுப்பூசி போட்ட டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "இன்னும் ரெண்டு ஊசி இருக்கு. அது முடியற வரைக்கும் வெளியில தரையில விடாதீங்க. தெருநாய் போன இடத்துல கால் வச்சாலே போதும், பார்வோ வைரஸ் ஒட்டிக்கும், குட்டிங்க தாங்காது."

குட்டி வந்த மூன்றாவது வாரம், சனிக்கிழமை, அதை என்னோடு கூட்டிப்போகிறேன் என்றேன்.

"ஏங்க, இது எதுக்குங்க அங்க? எங்கிட்டயே இருக்கட்டுமே."

"மடியை விட்டு இறக்க மாட்டேன்" என்றேன்.

உண்மைக் காரணம் வேறு. நான் வானத்திலிருந்து இறங்குவதை அது பார்க்க வேண்டும், பார்த்து ஓடி வர வேண்டும். இந்த வயதில் இப்படி ஓர் ஆசை.

தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர்தான் எப்போதும் கீழே நின்று துணியை ஆட்டிக் காற்றின் திசையைக் காட்டுவார். பிரெஞ்சு வாத்தியார் என்பதால் என்னை 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். குட்டியை அவரிடம் கொடுத்தேன்.

"நான் காலை ஊனுனதும் கீழ விட்டுடுங்க. ஓடி வரட்டும்."

"டாக்டரம்மா வேணாம்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, முசியே? பாடம் எடுக்கறதெல்லாம் எங்களுக்குத்தானா?"

"ஒரு நிமிஷம்தானே. ஒண்ணும் ஆகாது."

இறங்கினேன். ஆடுகளும் ஊர் நாய்களும் திரியும் அந்தப் பொட்டல் வழியாக அது தடுக்கி விழுந்து, எழுந்து, என்னிடம் ஓடி வந்தது. என் பூட்ஸை நக்கியது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகு காலம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை வாந்தி எடுத்தது. மனைவியும் நானும் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"வெளியில எங்கயாச்சும் தரையில விட்டீங்களா சார்? விட்டிருந்தா இப்பவே டெஸ்ட் எடுக்கணும்."

மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். நான் சொன்னேன்: "இல்லைங்க. விடவே இல்லை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு வரை என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. மாணவன் பொய் சொன்னால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான். டாக்டரம்மா என்னை நம்பினார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் ரத்தமாகப் போனது. அப்புறம்தான் டெஸ்ட், டிரிப்ஸ் எல்லாம். "நேத்தே ஆரம்பிச்சிருந்தா ஒருவேளை பொழைச்சிருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியின் கையிலேயே அது செத்துப்போனது.

மூன்று வாரம் நான் குன்றுப் பக்கம் போகவில்லை. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஒரு நாள் பகலில் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலில் விட்டது, டாக்டரம்மாவிடம் பொய் சொன்னது.

"தெரியும்" என்றாள்.

கீரை உருவும் கை நிற்கவில்லை.

"சனிக்கிழம சாயங்காலமே தெரியும். அதோட கால் விரலுக்கு நடுவுல நெருஞ்சி முள்ளு குத்தியிருந்துச்சி. நான்தான் எடுத்தேன்."

"அப்போ டாக்டர்கிட்ட நீயாவது..."

"நீங்க இல்லன்னுட்டீங்க. அந்தம்மா எதிர்ல உங்களத் தல குனிய வைக்க மனசு வரல. அது என் தப்பு."

கீரையை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். திருமணமாகி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை எத்தனை இடங்களில் எனக்காக இப்படி வாயை மூடிக்கொண்டாள் என்று கேட்க நினைத்தேன். தைரியம் வரவில்லை.